பெரிய கார்டுகளுக்கு மட்டும்

என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஒரே ஓர் இடம் இருந்தது. சிரம்பானில் ஒரு கடைவீட்டின் மாடி அது. அந்த இடத்தை அவளுக்கு இல்லாமல் செய்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அப்படிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது ஆபீசின் தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரப்பர், ஓய்வு பெற்றபோது எண்ணெய் எடுக்கும் செம்பனை. இப்போது தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியக்காரர்களும் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற சில குடும்பங்கள் தோட்டத்து கேட்டுக்கு வெளியே கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் தங்கிவிட்டோம். சில குடும்பங்கள்தான் என்பதால் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் மகள் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். வந்த புதிதில் கோயிலுக்குப் போனாள். பிரகாரம் சுற்றி வருவதற்குள் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். "எப்பம்மா வந்த? மாப்புள வரல?" என்று தெரியாதது போல் கேட்பவர்கள் ஒரு ரகம். "பொறுத்துப் போயிருக்கலாமே" என்பவர்கள் இன்னொரு ரகம். கொஞ்ச நாளில் கோயிலுக்குப் போவதை விட்டாள். கல்யாண வீடுகளை விட்டாள். செனவாங்கில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, வீடு, அறைக் கதவு. அவ்வளவுதான் அவள் என்று ஆகிவிட்டது.

தொழிற்சாலையில் யாரோ ஒரு தோழி அந்தக் கார்டு விளையாட்டைக் காட்டியிருக்கிறாள். ரம்மி, முன்னூத்தி நாலு மாதிரி சூதாட்டச் சீட்டு இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகமோ வீரனோ மந்திரமோ படமாக இருக்கும். ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து நாற்பதை நாமே பொறுக்கி ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு எதிராளியின் கட்டோடு மோத வேண்டும். சிரம்பான் மாடிக் கடையில் ஞாயிறுதோறும் கூடி விளையாடுவார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் உண்டு. அவளுக்கு முப்பது வயது. "இந்த வயசுல பசங்களோட உக்காந்து படம் காட்டி வெளையாடறியே" என்று என் மனைவி சலித்துக்கொண்டபோது அவள் சொன்ன பதிலை நான் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டேன்.

"அங்க என்னைய யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. கார்டப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே காரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன்.

ஒரு வருடத்துக்குமேல் இப்படிப் போயிற்று. அவள் நன்றாக விளையாடுகிறாள் என்று கடைக்காரர் ஒருநாள் என்னிடமே சொன்னார். அப்போதுதான் ஒரு பெரிய போட்டி அறிவித்தார்கள். சிரம்பானில் முதல் நான்கு இடங்களுக்குள் வருபவர்கள் கோலாலம்பூர் போகலாம். அவள் பெயர் கொடுத்தாள். பெயர் கொடுத்த அன்று சாப்பாட்டு மேசையில் அவளாகவே அதைப் பற்றிப் பேசினாள். திரும்பி வந்ததிலிருந்து நாங்கள் கேட்காமல் அவள் எதையும் சொன்னதில்லை.

போட்டிக்கு முந்தின வாரங்களில் எங்கள் ஹாலில் நடக்க இடம் இருக்காது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, கார்டுகளைத் தரையில் வரிசை வரிசையாகப் பரப்புவாள்.

"கோலம் போட்டுட்டா உங்க மக. தாண்டித் தாண்டிப் போங்க" என்பாள் மனைவி.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் புரிந்தது. ஒவ்வொரு கார்டின் இடது மூலையிலும் ஓர் எண் இருக்கும். அந்தக் கார்டை இறக்க அவ்வளவு சக்தி செலவாகும். முதல் சுற்றில் நமக்கு ஒரு சக்திதான் கிடைக்கும், இரண்டாவது சுற்றில் இரண்டு, இப்படி ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஏழு என்று போட்ட கார்டை ஏழாவது சுற்று வரும்வரை தொட முடியாது. அவள் ஒன்று எண் கார்டுகளை ஒரு நிரையில் அடுக்குவாள், பக்கத்தில் இரண்டு, அடுத்து மூன்று, கடைசியில் ஆறும் ஏழும். பிறகு எழுந்து நின்று மேலிருந்து பார்ப்பாள். நிரைகள் முதலில் ஏறி, இரண்டிலும் மூன்றிலும் உயர்ந்து நின்று, பிறகு சரிந்து இறங்க வேண்டுமாம். அந்தச் சரிவு அமையும்வரை ஒன்றை எடுப்பாள், ஒன்றை வைப்பாள். பிறகு எல்லாவற்றையும் வாரிக் கலைத்து, ஐந்து கார்டு உருவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, திரும்பவும் பரப்புவாள்.

எனக்குப் பிடித்தவை பெரிய கார்டுகள்தான். முதுகில் காட்டையே சுமந்து நிற்கும் ஓர் ஆமை, மூன்று தலை நாகம், இடியைக் கையில் பிடித்த ஒரு பெண். படமே கம்பீரமாக இருக்கும். சின்னக் கார்டுகளில் எலியும் வெட்டுக்கிளியும் கத்தி பிடித்த சிறுவனும்தான். ஒருநாள் அவள் அந்த ஆமையை எடுத்து ஓரமாக வைத்ததைப் பார்த்துக் கேட்டேன்.

"இவ்வளவு பெரிய ஆமைய எடுத்துட்டு அந்த எலிய ஏம்மா வைக்கிற?"

"அது ஏழு பா. எலி ஒண்ணு."

"ஏழாவது சுத்து வர்ற வரைக்கும் கைல வச்சிருந்து போடேன்."

"அது வரைக்கும் நான் உயிரோட இருக்கணும்லா."

சிரித்துவிட்டு, பிறகு பொறுமையாகச் சொன்னாள். "கைல அஞ்சு கார்டு இருக்கும்பா. அஞ்சும் பெருசு. ஒண்ணக்கூட எறக்க முடியாது. எதுத்தாப்ல உள்ளவன் சின்னச் சின்னதா போட்டு அடிச்சிக்கிட்டே இருப்பான். அவ்வளவு பெரிய ஆள எல்லாம் கையில வச்சிக்கிட்டு நான் சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன். அத மாதிரி ஒரு கொடும இந்த கேம்ல கெடயாது."

"அப்ப எல்லாம் சின்னதாவே வச்சிக்க."

"அதுவும் ஆவாது. மூணாவது சுத்துல கை காலி. அப்பறம் ஒண்ணு வந்தா ஒண்ணு போடணும், அன்னாடங்காச்சி மாதிரி. பெருசும் வேணும். எத்தன வேணும்ங்கறதுதான் பா தலவலி."

தோட்டத்தில் எந்த மலைக்கு எத்தனை ஆள் அனுப்புவது என்று தினமும் காலையில் பங்கிட்டவன் நான். அவள் படும் பாடு எனக்குப் பழக்கமானதாகத் தோன்றியது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஆறும் ஏழுமாக எட்டே எட்டுப் பெரிய கார்டுகளை வைத்துக்கொண்டாள். எனக்காக ஆமையும் அதில் ஒன்று. "அப்பா கார்டு" என்று சொல்லித்தான் உள்ளே வைத்தாள். புதிதாக வெள்ளைப் பிளாஸ்டிக் உறைகள் வாங்கிவந்து நாற்பது கார்டுகளுக்கும் போட்டாள். எல்லாவற்றின் முதுகும் ஒரே வெள்ளை. எது எலி, எது ஆமை என்று பின்னால் இருந்து யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது. அதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

போட்டி விஜயதசமி அன்று வந்தது. முந்தின நாள் ஆயுத பூசை. வீட்டில் இருக்கும் கருவிகளையும் புத்தகங்களையும் சரஸ்வதி படத்தின் முன் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் காலை தீபம் காட்டிய பிறகுதான் எடுப்போம். நான் அவளிடம் கேட்டேன்.

"உன் கட்டையும் கொண்டா, சாமி முன்னால வைப்போம்."

"சீட்டுக் கட்டயா?" என்றாள் மனைவி. "ஏங்க, சரஸ்வதி முன்னால சீட்டுக் கட்ட வைப்பாங்களா யாராச்சும்?"

"ஒரு மாசமா அதத்தானே படிச்சிக்கிட்டு இருக்கா. அது அவளோட ஆயுதம்."

"நல்ல ஆயுதம்லா! இதக் கொண்டு போயி யார வெட்டப் போறா?"

மகள் சிரித்துக்கொண்டே பெட்டியோடு கொடுத்தாள். "பெட்டியத் தொறக்காதீங்கப்பா, அடுக்கி வச்சிருக்கேன்" என்றாள். இதை அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று எழுதி இதைக் கடந்துபோக முடியாது. அவள் மறுநாள் போட்டிக்காகத் தலைக்குக் குளிக்கப் போனாள். நான் பெட்டியைத் திறந்தேன்.

தோட்டத்து ஆபீசில் ஆயுத பூசை நடத்துவது எப்போதும் பெரிய கிராணியின் பொறுப்பு. பால் வெட்டும் கத்திகளும் வாளிகளும் மலைபோல் குவிந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடியாது. அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். கத்திகளையும் வாளிகளையும் சும்மா பரப்பிவிட்டு, பெரிய சாமான்களுக்கு மட்டும் பொட்டு: டிராக்டர், லாரி, நிறுவைத் தராசு, ஜெனரேட்டர். பெரியவற்றுக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும் வைத்ததாகக் கணக்கு. அந்தப் பழக்கத்தில், நாற்பது கார்டிலிருந்து பெரிய எட்டையும் தேடி எடுத்தேன். மூலையில் இருந்த எண்ணைப் பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை. நெற்றியில் வைக்கலாம் என்று பார்த்தால் மூன்று தலை நாகத்துக்கு எந்த நெற்றியில் வைப்பது? படம் மறைந்து எண்ணும் மறைந்துவிட்டால் என்ன செய்வது? திருப்பிப் பிடித்தேன். வெள்ளை முதுகில், நடுவில், ஒரு மிளகு அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். எட்டுக்கும் வைத்து, காயவிட்டு, முன்பு இருந்த மாதிரியே இடையிடையே செருகி, பெட்டியை மூடி வைத்தேன். இடும்போது அவளுக்காக வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத இப்போது கை வரவில்லை.

மறுநாள் காலை அவசரமாகத் தீபம் காட்டி, பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தாள். பொட்டு வைத்ததை நான் சொல்லவில்லை. திறக்கும்போது பார்த்து நெகிழ்ந்துபோவாள் என்று காத்திருந்தேன்.

மாடிக் கடையில் நல்ல கூட்டம். நான் பின்சுவர் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். தூரத்திலிருந்து அவள் பெட்டியைத் திறப்பது தெரிந்தது. ஒரு கணம் அப்படியே நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கை காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையில் இருந்து டிஷ்யூ எடுத்து வேகமாகத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்குள் மேசையில் உட்காரச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். சந்தனம் உதிர்ந்துவிட்டது. ஆனால் குங்குமம் பிளாஸ்டிக்கில் இறங்கி, பார்த்தால் மட்டும் தெரிகிற இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்டது. இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் நினைத்தது, பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று.

காலை முழுவதும் ஜெயித்தாள். மதியத்துக்குப் பிறகு இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் முதல் நான்கு பேருக்குள் வந்துவிடுவாள் என்று கடைக்காரர் வந்து என் காதில் சொன்னார். எதிரே உட்கார்ந்தவன் கோலா பிலாவிலிருந்து வந்த தமிழ்ப் பையன். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல வாயாடி. நான் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பாதி ஆட்டத்தில் அவன் அவளுடைய கட்டின் மேல் குனிந்து பார்த்தான்.

"அக்கா, என்னக்கா இது? டெக்குக்குப் பொட்டு வச்சிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

பக்கத்து மேசையில் இருந்த நம்மவர் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நேத்து பூசையில வச்சது தம்பி. தொடச்சிட்டேன், போகல."

"நம்ம வீட்லயும்தான். எங்க அப்பா என் மோட்டர் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சிட்டாரு." பிறகு தயங்கினான். "ஜட்ஜக் கூப்புடறேன்கா. தப்பா எடுத்துக்காதீங்க. ரூல்லா."

"கூப்புடு தம்பி" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நடுவர் ஒரு சீன இளைஞர், கண்ணாடி போட்டவர், மரியாதையானவர். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். மேலே இருந்த சில கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார். உறையில் கறை படிந்திருக்கிறது, தெரியாமல் ஆனதுதான், எல்லா உறைகளையும் மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவாகும் என்றார். கடைக்காரர் புது உறைப் பொட்டலம் எடுக்கப் போனார். என் மகள் தோள்கள் இறங்கி, மூச்சு விட்டதை நான் பார்த்தேன். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது.

நான் எழுந்தேன்.

ஏன் எழுந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கறை என்று அவர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரியது வேறு ஒன்று உண்டு. என் மகளை அவள் புகுந்த வீட்டிலிருந்து அழைத்துவந்த நாளில், அந்த ஹாலில் அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை அவளுக்காகப் பேசவில்லை. அது என் நெஞ்சில் கிடந்தது. இந்த முறையாவது அவளுக்காக எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. கூடவே, இங்கே இருக்கும் இத்தனை பேருக்கும் என் மகளின் விளையாட்டு எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. இரண்டில் எது என்னை எழுப்பியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளைக்கார மேனேஜர்களிடம் பேசிப் பழகிய என் ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக விளக்கினேன். இது அழுக்கில்லை. நேற்று எங்களுக்குக் கருவிகளை வணங்கும் நாள். இதை என் கையால் நானே வைத்தேன்.

"ஓ, அப்படியா அங்கிள்" என்றார் நடுவர், புன்னகையோடு. "எல்லாக் கார்டுக்கும் வைத்தீர்களா?"

"இல்லை, எல்லாவற்றுக்கும் இல்லை" என்றேன். "பெரியவற்றுக்கு மட்டும். ஆறு, ஏழு எண் உள்ள கார்டுகளுக்கு. எது பெரியது என்று எனக்குத் தெரியும், என் மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்."

சொல்லி முடித்தபோது கோலா பிலா பையன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நடுவரின் புன்னகை அப்படியே நின்றுபோயிற்று. அவர் உட்கார்ந்தார். கட்டை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் குப்புற வைத்தார். கறை உள்ளவற்றைத் தனியாக ஒதுக்கி, பிறகு திருப்பினார். ஆமை, நாகம், இடியைப் பிடித்த பெண். எட்டும் பெரியவை. பெரியவற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அடுத்து உருவப்போவது பெரிய கார்டா சின்னதா என்று உருவுவதற்கு முன்பே தெரிந்தால், கையில் இருப்பதில் எதைச் செலவழிக்கலாம், எதைப் பிடித்து வைக்கலாம் என்று தீர்மானித்துவிடலாம். ஒரு மாதம் அவள் தரையில் உட்கார்ந்து தேடியதெல்லாம் அந்த நிச்சயமின்மைக்கு எதிரான ஒரு சமநிலையைத்தான். நான் வைத்த பொட்டு அந்த நிச்சயமின்மையையே துடைத்துவிட்டது. அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு இது புரிந்தது.

நடுவர் அவளைக் கேட்டார். "உங்களுக்கு இது முன்பே தெரியுமா?"

"காலையில் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். துடைத்தேன்."

"எந்தக் கார்டுகளில் இருந்தது என்று கவனித்தீர்களா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நடுவர்கூட அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், கேள்வியை அவ்வளவு மெதுவாகக் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்து, "கவனித்தேன்" என்றாள். சின்ன வயதில் பொய் சொன்னதற்காக அவளை நான் ஒருமுறை ஹாலில் முட்டி போட வைத்திருக்கிறேன். அது எனக்கு அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வந்ததோ தெரியவில்லை.

நான் மறுபடியும் பேசத் தொடங்கினேன். அவள் சொல்லி நான் வைக்கவில்லை, பெட்டியைத் திறக்காதீர்கள் என்றுதான் சொன்னாள், எல்லாம் என் முட்டாள்தனம் என்றேன். நான் பேசப் பேச, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த கதையைச் சொல்வது போலவே என் காதுக்கே கேட்டது. நடுவர் என் கையைத் தொட்டு, "நான் உங்களை நம்புகிறேன் அங்கிள். ஆனால் நம்புவதை வைத்து நான் முடிவு செய்ய முடியாது" என்றார். தோட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. இங்கே என் வார்த்தைதான் அவளுக்கு எதிரான சாட்சியாக இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி இல்லை.

அவளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். விவரத்தை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு ஆறு மாதத் தடை வந்தது.

நாங்கள் படியிறங்கும்போது கோலா பிலா பையன் பின்னாலேயே ஓடி வந்தான். கண் கலங்கி இருந்தான்.

"சாரிக்கா. சத்தியமா நான் இப்படி ஆவும்னு நெனக்கல."

"நீ என்ன தம்பி பண்ணுவ. நல்லா வெளையாடு, கேஎல் போயிட்டு வா" என்றாள்.

அவள் முன்னே போன பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

"ஏன் அங்கிள் எந்திரிச்சீங்க?"

கார் மம்பாவ் ஊரைத் தாண்டியது. பிறகு நான் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்குத் தமிழில் எவ்வளவோ வார்த்தைகள் இருக்கின்றன. எனக்கு எதுவும் சரியாக வரவில்லை.

"அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா."

"விடுங்கப்பா."

"நான் போயி அந்தக் கடைக்காரர்கிட்ட மறுபடியும்…"

"வேணாம்பா. நீங்க எதுவும் பேசாதீங்க. ப்ளீஸ்."

அதற்கு மேல் அவள் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, அன்றும், பிறகும். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். திட்டாத ஒருத்தியிடம் என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஓடி வந்து, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டாள். மகள், "இல்லம்மா, கார்டு சரியா வரல" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். சின்ன விஷயத்துக்குக்கூடப் பொய் சொல்லாத பெண், எனக்காக அன்று அதைச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் நான் கடைக்குப் போனேன். பேசாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதை மீறித்தான் போனேன். கடைக்காரர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். தடை போட்டிகளுக்கு மட்டும்தான், சும்மா வந்து விளையாட ஒரு தடையும் இல்லை, எல்லோரும் அவளை விசாரிக்கிறார்கள் என்றார். நான் சந்தோஷமாக வந்து சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"விசாரிக்கிறாங்களா?"

"ஆமாம்மா. அந்தக் கோலா பிலா தம்பிகூட. எல்லாரும் என்ன ஆச்சு, எப்படி இருக்காங்கன்னு கேக்கறாங்களாம்."

"அதுக்குத்தான்பா நான் போகல" என்றாள்.

கேள்வி கேட்காத ஒரே இடமாக அது இருந்தது. இப்போது அங்கேயும் ஒரு கதை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் இரக்கமாகப் பார்ப்பார். யாராவது ஒருவர் கட்டின் முதுகைப் பார்ப்பார். ஒளித்து வைத்து விளையாட வேண்டிய விளையாட்டை, தன்னை எல்லோரும் உற்றுப் பார்க்கும்போது எப்படி விளையாடுவது? அதை நான் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கே தோன்றிற்று.

தடை முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. முடிந்த அன்று கடைக்காரர் அவளுக்குச் செய்தி அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று. என் மனைவிக்கு அதைப் படித்துக் காட்டினாள். அதற்குள் மனைவிக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவி, வாசலில் எடுத்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அவள் வெளியே வந்தாள். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமையில ஓவர்டைம் போட்டுட்டேன்பா. எப்படியும் கார எடுத்துட்டீங்க, செனவாங்ல விட்டுடுங்க" என்றாள்.

வழியெல்லாம் வானொலி பாடிக்கொண்டிருந்தது. சிரம்பானுக்குள் நுழைந்து, சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றேன். நேராகப் போனால் செனவாங். இடது பக்கம் திரும்பினால் அந்தக் கடைவீட்டு வரிசை. என் கை தானாக இடது பக்கத்துக்கு சிக்னல் போட்டுவிட்டது. டிக் டிக் என்று அந்தச் சத்தம். அவள் அதைக் கேட்டாள், ஆனால் சிக்னலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வாயிலிருந்து ஏதாவது வராதா என்று காத்திருந்தேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு மோட்டார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"நேராப் போங்கப்பா" என்றாள்.

சிக்னலை நிறுத்திவிட்டு நேராகப் போனேன்.